வேரோனிக்காவின் வலக்கை

வேரோனிக்கா வலக்கையில் எதையும் தூக்க மாட்டாள். கடைப் பை, குடை, கோப்பிக் கோப்பை, திறப்புக் கோர்வை, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று எதுவானாலும் இடக்கைக்குத்தான் போகும். இடக்கை நிரம்பிவிட்டால் மிச்சத்தைக் கூட வருகிறவர் சுமக்க வேண்டும். கூட வருகிறவள் எப்போதும் தங்கை பேர்ணடெற்தான். கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் லிஃப்ற் அடிக்கடி பழுதாகும். அந்த நாட்களில் அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறியவள் பேர்ணடெற். முன்னால் ஒரு கையை வீசிக்கொண்டு போனவள் அக்கா.

"ஒரு பையையாவது மற்றக் கையில பிடியுங்கோவன் அக்கா."

"பழகிப் போச்செடி. இந்தக் கை சும்மா இருக்கவேணும்."

"சும்மா இருக்கிற கைக்குச் சம்பளம் வேறை."

"ஓம். அதுக்குத்தான் சம்பளம்."

அது பொய்யில்லை. வங்கிகளுக்கும் பெரிய கடைகளுக்கும் காசு ஏற்றி இறக்குகிற கவச வண்டியில் வேரோனிக்கா காவலாளியாக இருந்தாள். இடுப்பின் வலப்பக்கத்தில் கம்பனி கொடுத்த ரிவோல்வர். வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், துவக்குப் பக்கத்துக் கை எந்த நேரமும் வெறுங்கையாக இருக்க வேண்டுமென்று. மற்றக் காவலாளிகள் அதை வேலை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். வேரோனிக்கா அதை வீட்டுக்கும் கோயிலுக்கும் கலியாண மண்டபத்துக்கும் கொண்டு வந்தாள். சோறு தின்னவும் சிலுவை போடவும் மட்டும் வலக்கைக்கு அனுமதி.

ஒருமுறை ஒரு பிள்ளையின் முதல்நன்மைக் கொண்டாட்டத்தில் வீட்டுக்காரி அன்ரனெற் அன்ரிக்குப் பரிசுப் பொதியை இடக்கையால் நீட்டினாள். அன்ரி வாங்கவில்லை.

"பீச்சைக் கையால தாறாய், பிள்ளை. உங்கட வீட்டில உதைச் சொல்லித் தரேல்லையோ?"

"அன்ரி, வலக்கையால தந்தால் உங்களை ஆர் காப்பாத்திறது?"

மண்டபமே சிரித்தது. அன்ரியும் சிரித்துவிட்டு அதே இடக்கையிலிருந்து பொதியை வாங்கிக்கொண்டார். மூலையில் நின்ற பேர்ணடெற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் இடக்கையால் ஒரு தட்டத்தை நீட்டியிருந்தால் அதை ஒரு மாதத்துக்குக் கதைத்திருப்பார்கள். அக்கா நீட்டினால் அது பகிடி. இது ஏன் இப்படி என்று அவள் வீடு வரும் வரைக்கும் யோசித்தாள். அன்றைக்கும் பைகள் அவளுடைய கைகளில்தான் இருந்தன.

அவர்கள் மன்னார்ப் பக்கத்துச் சனம். தகப்பன் இல்லை. எண்பத்தேழில் வேரோனிக்கா தனியாகக் கனடாவுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஊரில் பதினாறு வயதில், சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடத்தில் பள்ளிக்கூடம் அகதி முகாமாகிவிட்டிருந்தது. பிறகு அவள் எழுதவேயில்லை. இங்கே வந்து கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்றாள், பிறகு நகர நடுவில் கந்தோர்க் கட்டடங்களில் தரை துடைத்தாள். தாய் யோகமலரையும் தங்கையையும் அந்த உழைப்பில்தான் கூப்பிட்டாள்.

கந்தோர் துடைத்த இடத்தில்தான் அந்தச் செம்பட்டை முடிக்காரியைக் கண்டாள். கவச வண்டியிலிருந்து இறங்கி, காசுப் பையை இடக்கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். வேரோனிக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போய்க் கேட்டாளாம்: "இந்த வேலை, என்னைப்போல ஆக்களுக்கும் குடுப்பினமோ?" அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உனக்குக் குளிர் தாங்குமா என்று மட்டும் கேட்டாளாம். இந்தக் கதையை வேரோனிக்கா நூறு தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் செம்பட்டை முடிக்காரியின் நடையை நடந்து காட்டுவாள்.

தொண்ணூற்றிரண்டில் வேலை கிடைத்தபோது யோகமலர் இரண்டு நாள் சமைக்கவில்லை.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீ துவக்குத் தூக்கப் போறியோ?"

"அங்கை அது வேறை ஆக்களின்ர கையில இருந்தது அம்மா."

சனம் பலவிதமாகக் கதைத்தது. ஊரில் இயக்கத்தில் இருந்தவளோ என்று சிலர் சாடையாகக் கேட்டுப் பார்த்தார்கள். கலியாணம் பேசி வந்த இரண்டு இடத்தார் சத்தமில்லாமல் பின்வாங்கினார்கள். வேரோனிக்கா அதையும் பகிடியாக்கி நடித்துக் காட்டினாள். ஒரு வருடத்துக்குள் அதே சனம், வங்கியில் கணக்குத் திறக்கவும் வாடகை வீடு பார்க்கவும் அவளைத் துணைக்குக் கூப்பிடத் தொடங்கிவிட்டது.

பேர்ணடெற் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. தொண்ணூற்றாறில் சமூகவியலில் பட்டம் எடுத்தாள். பட்டமளிப்பு நாளில் வேரோனிக்கா வேலை முடிந்து நேரே வந்ததால் சீருடையோடு நின்றாள். படம் எடுத்தவர் யாரென்று ஞாபகமில்லை. அவர் சீருடையை நடுவில் வைத்து எடுத்துவிட்டார். கறுப்பு அங்கியும் சுருட்டிய பட்டமுமாகப் பேர்ணடெற் ஓரத்தில் நின்றாள். யோகமலர் அதைப் பெருப்பித்துக் கூடத்தில் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தடியில் நின்று, "இவதானே அந்தத் துவக்குப் பிள்ளை?" என்று கேட்பார்கள். பிறகு ஓரத்தைப் பார்த்து, "தங்கச்சியையும் படிப்பிச்சு விட்டிட்டா, என்ன?" என்பார்கள்.

இரா விழித்துப் படித்தவள் பேர்ணடெற். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் வந்தவளும் அவள். ஆனால் அந்தப் பட்டமும் அக்காவின் கணக்கில்தான் ஏறியிருந்தது. அக்கா கெட்டவளாக இருந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அப்போது அந்த எரிச்சலுக்கு ஒரு நியாயமாவது இருக்கும். அக்கா படிப்புக்குக் கட்டினாள், குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கித் தந்தாள், ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. இதையெல்லாம் செய்த ஒருத்தியைப் பார்த்து எனக்கு ஏன் வயிறு எரிகிறது? இந்தக் கேள்வியைப் பேர்ணடெற் தன்னிடம் பல தடவை கேட்டாள். எரிவு நிற்கவில்லை.

பட்டத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்தது தொலைபேசியில் கம்பளம் கழுவும் சேவை விற்கிற வேலை. சனம் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டு, உங்கள் கம்பளத்தில் எவ்வளவு தூசி இருக்கிறது தெரியுமா என்று தொடங்க வேண்டும். பெரும்பாலானோர் முழுவதையும் கேட்க மாட்டார்கள். ஒருத்தர், எங்கள் வீட்டில் கம்பளமே இல்லை என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். அன்றைக்கு வந்து படுத்தவள் அடுத்த நாள் வேலைக்கு எழும்பவில்லை.

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் யோகமலர் சொன்னார்:

"வேரோனிக்கா, உங்கட கம்பனியில ஆள் எடுக்கினம் எண்டனி. இவளையும் சேர்த்து விடன்."

வேரோனிக்காவின் வாய் அசைவதை நிறுத்தியது. "அவளுக்கேன் அம்மா உந்த வேலை? படிச்சவள்."

"ஏன், எனக்குக் கையில்லையோ?" என்றாள் பேர்ணடெற்.

"கை இருக்கு. வாய்தான் கூட."

"உங்களுக்கு மட்டும் வாய் இல்லாமலோ எடுத்தவை?"

"ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ," என்றார் யோகமலர். "தங்கச்சிக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யப் போறாய்?"

அதோடு முடிந்தது. அக்கா பேர் கொடுத்தாள். நேர்முகத்தில் பேர்ணடெற்றின் ஆங்கிலத்தைக் கேட்டு அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். சுடும் பரீட்சை ஒன்றுதான் மிச்சம். அதில் பாஸ் பண்ணினால் வேலை, இல்லையென்றால் அடுத்த வருடம்தான் மறுபடி. அன்றிரவு அவள் படுக்கையில் கிடந்தபடியே மனதுக்குள் அந்தச் சீருடையைப் போட்டுப் பார்த்தாள். வேலை வேண்டும், சம்பளம் வேண்டும், எல்லாம் உண்மை. அதற்கும் மேலாக அவளுக்கு அந்தப் படத்தின் நடுவிடம் வேண்டியிருந்தது.

கம்பனிக்காரர் சுட்டுப் பழகுகிற சூட்டுக்கூடம் நகருக்கு வெளியே பிறம்ரனில், லொறி நிறுத்துகிற வளவுகளுக்கு நடுவில், யன்னல் இல்லாத ஒரு களஞ்சியக் கட்டடத்துக்குள் இருந்தது. சனிக்கிழமைக் காலைகளில் கம்பனிக்கு ஒதுக்கம். வேலைக்கு விண்ணப்பித்தவர்களும் வந்து பொறுப்பாளரின் மேற்பார்வையில் சுடலாம். பொறுப்பாளர் போலந்துக்காரக் கிழவர் ஒருவர். உள்ளே போனதும் வெடிமருந்தும் எண்ணெயும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. காதுக் கவசத்துக்குள்ளாலும் வெடிச்சத்தம் நெஞ்சில் இடித்தது. ஊரில் கேட்ட அதே சத்தம். பேர்ணடெற் தன்னை அறியாமல் ஓர் அடி பின்னால் வைத்தாள். அக்கா கண்டுவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தாள். அக்கா கண்டிருந்தாள்.

வேரோனிக்கா மேசையில் துவக்குக் குண்டுகள் இருந்த இரண்டு ரவைப் பெட்டிகளை வைத்துத் திறந்தாள்.

"இது பழகிறதுக்கு. மொட்டை மூக்கு ஈயம், மருந்து குறைவு. மெல்லமாத்தான் உதைக்கும். இது வேலைக்கு இடுப்பில போறது. மருந்து கூட. நுனியில குழி இருக்குப் பார். ஆளில பட்டால் விரிஞ்சு அங்கேயே நிண்டிடும், பின்னால நிக்கிற அப்பாவிக்குப் போகாது. ஆனால் கழுதைமாதிரி உதைக்கும்."

"பரீட்சைக்கு எது?"

"இடுப்பில போறதுதான். அதாலதான் சொல்லுறன், ஒவ்வொரு சனியும் முடிக்கேக்க ஒரு சுற்று, ஆறு வெடி, இதில அடி. கை பழகவேணும். இல்லாட்டில் வெடிக்க முன்னமே கண் மூடிக்கொள்ளும்."

இடுப்பு ரவைப் பெட்டி அக்காவின் பங்கு. வருடத்துக்கு ஒருமுறை கம்பனி ஒவ்வொருவருக்கும் புதிய ரவை கொடுக்கும். ஒரு வருடம் குளிரிலும் வெயிலிலும் இடுப்பில் சுமந்த பழைய ரவையைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். மேலதிகமாகக் கொடுக்கிற ரவையை மற்றவர்கள் விளையாட்டாகச் சுட்டு முடிப்பார்கள். வேரோனிக்கா அதில் ஒரு பெட்டியை எடுத்துத் தங்கைக்கு வைத்திருந்தாள்.

முதல் நாளே பேர்ணடெற் இடுப்பு ரவையில் ஒரு சுற்றுச் சுட்டாள். ரிவோல்வர் கைக்குள் துள்ளியது. குழலின் வாயில் நெருப்புப் பூ ஒன்று விரிந்து மறைந்தது. ஆள் உருவம் அச்சிட்ட தாளைக் கிட்ட இழுத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு ஓட்டை, மிச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. கிழவர் வந்து எட்டிப் பார்த்தார். வேரோனிக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சுவர்தான் கள்ளன் எண்டு நினைச்சியோ?"

கிழவருக்குத் தமிழ் விளங்காது. அக்காவின் சிரிப்பைக் கண்டு அவரும் சிரித்தார். பேர்ணடெற்றின் காது சுட்டது. உடனே மொட்டை மூக்கு ரவைக்கு மாறினாள். அது நல்ல பிள்ளையாக நடந்தது. மூச்சைப் பாதி விட்டு, விரலை மெல்ல மடக்க, ஓட்டைகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நெஞ்சில் விழுந்தன. கிழவர் தலையாட்டினார். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் பேர்ணடெற் இடுப்பு ரவையைத் தொடவில்லை. அதற்கு இரண்டு காரணம். ஒன்றை அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்: அக்கா வேண்டுமென்றுதான் அந்த உதைக்கிற ரவையைத் தருகிறாள். நான் சுவரைச் சுட வேண்டும், கிழவர் சிரிக்க வேண்டும், நானாகவே வேண்டாமென்று விட்டுப் போக வேண்டும். சாப்பாட்டு மேசையில் 'அவளுக்கேன் உந்த வேலை' என்று சொன்னவள்தானே.

மற்றக் காரணத்தை அவள் யோசித்துச் செய்யவில்லை. அது அவள் வளர்ந்த வீட்டுப் பழக்கம். யோகமலரின் வீட்டில் சோபாவுக்குப் போட்டு வந்த பிளாஸ்ரிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. கண்ணாடி அலுமாரியில் பூப்போட்ட தட்டங்கள் விலைத்துண்டோடு இருந்தன. வராத விருந்தாளிகளுக்காக மென்மையான துவாய்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வீட்டார் பழையதில் துடைத்தார்கள். நல்லதை நல்ல நாளுக்கு எடுக்க வேண்டும். அந்தப் பெட்டியைத் திறந்தால் ரவைகள் வெள்ளிபோல மினுங்கின. மொட்டை மூக்கு ரவைகளின் உறை ஊத்தைப் பித்தளை. இவ்வளவு வடிவானதை வெறும் கடதாசிக்குச் சுட்டு முடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. குண்டு குண்டுதானே, பரீட்சையன்று நல்லது தானாகவே நன்றாகப் போகும் என்று ஒரு நினைப்பு. பெட்டி அக்காவின் லொக்கருக்குள் இருந்தது; எடுப்பதும் வைப்பதும் பேர்ணடெற்றின் பொறுப்பு.

"கடைசிச் சுற்று அடிச்சனியோ?" என்று பக்கத்துத் தட்டியிலிருந்து அக்கா கேட்பாள்.

"ஓம்."

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை கிழவர் ஒரு பந்தயம் வைத்தார். அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்துத் தாளில், மொட்டை மூக்கு ரவையில். வேரோனிக்கா சிரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தோத்தால் அழக்கூடாது, என்ன?"

"அதை உங்களுக்குச் சொல்லுங்கோ."

தாள்களை இழுத்தபோது பேர்ணடெற்றின் ஓட்டைகளை ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடலாம். அக்காவினதை மூடச் சோற்றுத் தட்டம் வேண்டும். கிழவர் தங்கையின் தோளில் தட்டினார். அங்கே நின்ற மற்றக் காவலாளிகள் கைதட்டினார்கள். ஐந்து வருடமாக அக்காவுக்குக் கைதட்டிய ஆட்கள். பேர்ணடெற் தாளைக் கழற்றிச் சுருட்டினாள். சிரிப்பை அடக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டாள்.

வேரோனிக்கா காதுக் கவசங்களை வாங்கிக்கொண்டு லொக்கரடிக்குப் போனாள். பூட்டிவிட்டு வர வழமையைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்தாள். திரும்பி வரும்போது நெடுஞ்சாலை முழுக்க அவள் ஒன்றும் கதைக்கவில்லை. பேர்ணடெற்றுக்கு அந்த மௌனம் இனித்தது. வீட்டுக்கு வந்ததும் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் தாளை ஒட்டினாள்.

"கழட்டடி உதை," என்றார் யோகமலர். "வீட்டுச் சுவரில பிரேதம் தொங்கிறமாதிரி இருக்கு."

"ஒரு கிழமைக்கு இருக்கட்டும் அம்மா."

வேரோனிக்கா தாளைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பரீட்சையன்று காலை பேர்ணடெற்றோடு வேறு மூன்று பேர் நின்றார்கள். கிழவர் எல்லோருக்கும் இடுப்பு ரவையைப் பங்கிட்டார். பேர்ணடெற் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். இன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்தாள்.

முதல் வெடி துள்ளியதில் மணிக்கட்டு பின்னுக்குப் போயிற்று. அது நெஞ்சில்தான் பட்டது. இரண்டாவதில் விசையை மடக்கும்போதே கை அந்த உதையை எதிர்பார்த்துத் தாழ்ந்தது; வெடிக்கு முன்னமே கண் மூடிக்கொண்டது. மூன்றாவதிலும் அப்படியே. கண்ணை மூடாதே என்று தனக்குச் சொன்னாள். சொல்லும்போதே மூடியது. இது பழகாத கை என்று அவளுக்கு அந்த இடத்தில் நின்றே விளங்கிவிட்டது. ஆனால் சுற்று முடியும் வரைக்கும் சுட்டுத்தான் ஆக வேண்டும். கிழவர் தாளை எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினார். அவருக்கு நம்ப முடியவில்லை. போன கிழமை அப்படிச் சுட்டாயே என்று கேட்டார். அவள் காதுக் கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

வெளியே காருக்குப் பக்கத்தில் வேரோனிக்கா நின்றாள். இரண்டு கோப்பியையும் ஒரே தட்டில் வைத்து இடக்கையில் பிடித்திருந்தாள்.

"என்ன?"

"பெயில்."

வேரோனிக்கா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "சரி, ஏறு. ஆறப் போகுது."

அக்கா சிரிப்பாள் என்று நினைத்து, அதற்கு ஒரு பதிலைப் பேர்ணடெற் நடைபாதையிலேயே தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பதில் அவளுக்குள்ளேயே கிடந்து புளித்தது. பரிதாபப்படுகிறாள், பெரிய மனுசி, என்று நினைத்தாள். வீட்டில் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். சுவரில் மறுபடியும் படம் மட்டும்தான்.

அந்த ஆவணியில் வழமைபோலத் தமிழ்ச் சனம் பஸ் பிடித்து மிட்லண்ட் திருத்தலத்துக்குப் போனது. மடு மாதாவின் நாள். ஊரில் மடுக் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கே மிட்லண்டுக்குப் போகிறார்கள். புல்வெளியில் பாய் விரித்து, புளிச்சாதப் பொதி அவிழ்த்து, செபமாலைக்கும் சுற்றுப்பிரகாரத்துக்கும் நடுவில் யார் வீடு வாங்கினார்கள் என்று கதைக்கிற நாள். யோகமலர் பொதியை மடித்துக்கொண்டே கேட்டார்:

"வேரோனிக்கா, உன்ர நேர்த்தி என்ன மாதிரி? ஆளுயர மெழுகுதிரி சொல்லிச் செய்விச்சனியோ?"

"பிறகு பாப்பம் அம்மா."

"மாதாவுக்குப் பிறகு எண்டு சொல்லுறதோ? தங்கச்சியின்ர உயரத்துக்கு வைக்கிறனெண்டு நேர்ந்தனி. கேட்டது கிடைச்சதெண்டும் நீதான் சொன்னனி." அவர் எழும்பிச் செபமாலைக்காரரோடு போய்விட்டார். அவருக்கு விபரம் தெரியாது.

பேர்ணடெற் கையிலிருந்த வாழைப்பழத்தை உரிக்காமல் வைத்திருந்தாள். "என்ர உயரத்துக்கோ? நான் பெயிலாப் போனன். என்ன கிடைச்சது?"

வேரோனிக்கா புல்லைப் பிடுங்கினாள். இடக்கையால்தான்.

"நீ பாஸ் பண்ணக் கூடாதெண்டு கேட்டனான்."

பக்கத்துப் பாயில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள்.

"அந்தப் பந்தயச் சனி லொக்கரைத் திறந்து பாத்தனான்," என்றாள் வேரோனிக்கா. "பெட்டி அப்பிடியே இருந்தது. முதல் நாள் அடிச்ச ஆறும்தான் குறைவு. நீ பெயிலாப் போவாயெண்டு எனக்குத் தெரியும். ஒரு கிழமை இருந்தது. கிழவரைக் கேட்டு ஒரு பின்னேரம் கூட்டிக்கொண்டு போயிருந்தால் கை பழகியிருக்கும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். நீ தாளைச் சுருட்டி வைச்சுக்கொண்டு சிரிச்சாய். எல்லாரும் கைதட்டிச்சினம்." அவள் பிடுங்கிய புல்லைப் பாயோரத்தில் போட்டாள். "உனக்குப் படிப்பு இருக்கு. இங்கிலீசு இருக்கு. கம்பனியில ஒரு கடதாசி தந்தால் நான் இண்டைக்கும் உன்னட்டைத்தான் கொண்டு வாறன். உனக்கு எத்தினையோ வழி. எனக்கு உது ஒண்டுதானடி. அதிலயும் நீ வந்து என்னைவிட நல்லாச் சுட்டால் நான் ஆர்?"

பேர்ணடெற்றுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். இந்த அக்காவுக்கு, மண்டபத்தையே சிரிக்க வைக்கிற அக்காவுக்கு, என்னைப் பார்த்து எரிந்திருக்கிறது. ஒரு வேலையைப் பறிகொடுத்த இடத்தில் நின்றுகொண்டு மனம் இப்படித் துள்ளுகிறதே, நான் என்ன பிறவி என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சேர்த்துத்தான் இனித்தது.

"அப்ப வையுங்கோவன் மெழுகுதிரியை," என்றாள். குரல் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்தது. "கேட்டது கிடைச்சதுதானே."

"வைச்சால் நீ தோத்ததுக்கு நன்றி சொன்னமாதிரி. மனம் வரேல்லை. வைக்காட்டில் கடன். நீ சொல்லு, என்ன செய்ய?"

பேர்ணடெற் வாழைப்பழத்தை உரித்தாள்.

அடுத்த வருடம் அவள் மறுபடி பரீட்சைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இந்த முறை அக்கா உண்மையாகவே பழக்கிவிடுவாள், பெட்டி பெட்டியாகச் சுட வைத்துப் பாஸ் பண்ண வைத்துவிடுவாள் என்று தெரியும். பிறகு அதுவும் அக்கா தந்ததாகிவிடும். புதிதாக வருகிற குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடம், வீடு பார்த்துக் கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. வேரோனிக்கா தன்னோடு வண்டி ஓட்டுகிற வின்சன்றைக் கட்டி, விட்பி நகரில் ஒரு புது வீட்டுக்குப் போனாள். துவக்குக்குப் பயப்படாத மாப்பிள்ளை என்று யோகமலர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கூடத்துச் சுவரில் பட்டமளிப்புப் படத்துக்கு மேலே இப்போது கலியாணப் படம்.

தொண்ணூற்றொன்பது ஆவணியில் மூன்று பேரும் மறுபடி மிட்லண்டில் நின்றார்கள். மெழுகுதிரி கொளுத்துகிற வரிசையில் யோகமலர் பழைய பாட்டைத் தொடங்கினார். நேர்த்தியைக் கட்டாமல் வைத்திருக்கக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது, பிள்ளை குட்டி பிறக்கிற வயது. வேரோனிக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். தாய் தண்ணீர் பிடிக்க விலகியதும் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"ஸ்காபரோவில ஒருத்தர் சொல்லிச் செய்து குடுக்கிறாராம். அளவு குடுக்கவேணும். உன்ர உயரம் என்னடி?"

பேர்ணடெற்றுக்கு அது நன்றாகத் தெரியும். கைப்பையில் கிடந்த சாரதிப் பத்திரத்தில் அச்சடித்து இருக்கிறது. சொல்லிவிட்டால் அக்காவின் கடன் தீர்ந்துவிடும்.

"தெரியாது," என்றாள்.

வேரோனிக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணால் அளந்து பார்க்கிற மாதிரி, உச்சியிலிருந்து சப்பாத்து வரைக்கும். பிறகு இடக்கையால் தட்டிலிருந்து விரல் நீளச் சின்னத் திரி ஒன்றை எடுத்து, பக்கத்தில் எரிந்த யாரோ ஒருவருடைய திரியில் கொளுத்தி மணலில் குத்தினாள். பெரியது அந்த வருடமும் வைக்கப்படவில்லை.